ஸீட் கிடைத்து விட்டது. தங்க இடம் எங்கே?

இருக்க இடம் கேட்டு அலைவது இந்தக் காலத்து மாணவர்களுக்கு மட்டும் வந்த தொல்லை அல்ல. ஏழுமலையானே திருமலைக்கு வந்த புதிதில் வராகசாமியிடம் இடம் கேட்டு வாங்கித்தான் தங்கினார் என்கிறது ஸ்தல புராணம். கையில் காசில்லாததால், வாடகைக்குப் பதிலாக முதல் பூஜையும் முதல் நைவேத்தியமும் வராகருக்கே என்று ஏற்பாடாயிற்று. சமைத்துப் போட வகுளமாலிகை என்ற தாய் கிடைத்தாள். நாராயணவனத்தில் ஆகாசராஜன் மகள் பத்மாவதியைக் கைப்பிடிக்கக் குபேரனிடம் கடன் வாங்கினார். கல்யாணமான பின்பும் உடனே மலை ஏறவில்லை. ஆறு மாத காலம் அகஸ்தியர் ஆசிரமத்தில் தங்கினார். இடம், சாப்பாடு, கடன் ஆகிய மூன்றும் அந்தக் கதையிலேயே இருக்கின்றன.

அதே நாராயணவனம் சாலையில் இன்று பொறியியல் கல்லூரிகள் நிற்கின்றன. 2001-ல் தொடங்கிய சித்தார்த் கல்லூரி அவற்றில் ஒன்று. புத்தூர் ரயில் நிலையத்திலிருந்து நாராயணவனம் ஐந்து கிலோமீட்டர் சுமார். திருப்பதியோ நாற்பது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது நாராயணவனம் புதிய திருப்பதி மாவட்டத்தோடு சேர்ந்தது. நெசவையும் விவசாயத்தையும் நம்பியிருந்த ஊர்களில் காலையும் மாலையும் கல்லூரி பஸ்கள் வரிசையாகப் போவது இப்போது வாடிக்கையான காட்சி.

இந்தக் கல்லூரிகளிலும் திருப்பதிக் கல்லூரிகளிலும் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் தொழிலாளர், குமாஸ்தா குடும்பத்தவர். தகப்பனார் நகரியிலோ ஏகாம்பரகுப்பத்திலோ விசைத்தறி ஓட்டுபவராக இருப்பார். திருப்பதியில் ஓட்டல் வேலை செய்பவராக இருப்பார். ரயிலிலோ தபாலிலோ மாற்றலாகி வந்தவராக இருப்பார். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளை. ஸீட் கிடைத்த அன்று இனிப்பு வாங்குகிறார்கள். மறுநாள் காலையில்தான் கேள்வி எழுகிறது: பிள்ளை எங்கே தங்குவது? யாரோடு சாப்பிடுவது?

இது சில்லறை விஷயமாகத் தோன்றலாம். ஆனால் முதல் வருஷத்தில் படிப்பை விட்டுவிட்டு வீடு திரும்பும் பிள்ளையிடம் விசாரித்தால், கணக்குப் பாடம் புரியவில்லை என்பதற்கு முன்னால் சாப்பாடு ஒத்துவரவில்லை, பேச ஆள் இல்லை என்ற பதில்தான் வருகிறது. ஸீட் கிடைப்பது பாதி. அறையும் பந்தியும் அமைவது மறு பாதி.

மூன்று வழிகள்

பிள்ளையைத் தங்க வைக்கப் பெற்றோருக்கு மூன்று வழிகள் உண்டு. கல்லூரி ஹாஸ்டல் ஒன்று. வெளியே தனியார் விடுதி அல்லது வாடகை அறை இரண்டு. வீட்டிலிருந்தே தினமும் ரயிலிலும் பஸ்ஸிலும் போய் வருவது மூன்று.

கல்லூரி ஹாஸ்டலில் பாதுகாப்பு அதிகம். கேட்பதற்கு வார்டன் என்று ஒருவர் இருக்கிறார். ஆனால் வருஷப் பணத்தை மொத்தமாகவோ இரண்டு தவணையாகவோ கட்டச் சொல்வது வழக்கம். வாரக்கூலி வாங்கும் குடும்பத்துக்கு, தொகையைவிட அதை ஒரே நாளில் புரட்டுவதுதான் கஷ்டம். அங்கே கந்துவட்டிக்காரர் நுழைகிறார். நாலு வருஷப் படிப்பு முடியுமுன் வட்டி முதலைத் தாண்டிய குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு.

வெளி அறையில் மாதா மாதம் கொடுத்தால் போதும். நாலு பேர் சேர்ந்தால் செலவு பங்காகும். ஆனால் அட்வான்ஸ் கேட்பார்கள். ரசீது கொடுக்க மாட்டார்கள். காலி செய்யும்போது வெள்ளை அடிக்க, குழாய் மாற்ற என்று பிடித்துக்கொள்வார்கள். 2021-ல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. ஆனால் அது மாதிரிதான். மாநிலங்கள் ஏற்றால்தான் செல்லும். ஆகவே கையெழுத்திட்ட ஒரு துண்டுக் காகிதமாவது வாங்கி வைத்துக்கொள்வதே ஏழைக்குள்ள காப்பு.

விடுதிக்காரர் ஜி.எஸ்.டி. என்று சொல்லித் தனியாகப் பணம் கேட்டால் பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2023-ல் சில தீர்ப்பாணைகள் விடுதி வாடகைக்கு 12 சதவீத வரி உண்டு என்று சொன்னதால் நாடு முழுதும் குழப்பம் ஏற்பட்டது. 2024 ஜூனில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் அதைத் தீர்த்தது. கல்லூரிக்கு வெளியேயுள்ள விடுதியானாலும், ஆளுக்கு மாதம் ரூ. 20,000-க்கு மேற்படாமல், தொடர்ந்து 90 நாளாவது தங்கினால், வரி கிடையாது. தொழிலாளர் வீட்டுப் பிள்ளை தங்கும் எந்த அறையும் இந்த வரம்பைத் தாண்டப் போவதில்லை.

யாத்ரீகரோடு போட்டி

திருப்பதியில் அறை தேடுபவர்களுக்கு மற்ற ஊர்களில் இல்லாத ஒரு சங்கடம் உண்டு. 1954-ல் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், 1983-ல் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், 2015-ல் ஐ.ஐ.டி.யும் ஐசரும் என்று ஊரும் சுற்றுப்புறமும் கல்வி நகரமாக வளர்ந்தன. தேவஸ்தானமே கல்லூரிகளும் ஹாஸ்டல்களும் நடத்துகிறது. ஆனால் அதே ஊரில் பல நாட்களில் எழுபதாயிரம் பேருக்கு மேல் சுவாமி தரிசனம் செய்கிறார்கள். ஒரு கட்டிலை நாள் வாடகைக்கு விட ஆள் காத்திருக்கும்போது, மாத வாடகைக்கு மாணவனுக்கு விட வீட்டுக்காரர் ஏன் முன்வர வேண்டும்? ஆகவே கோயிலுக்கும் பஸ் நிலையத்துக்கும் பக்கத்தில் மாணவனுக்கு மலிவாக இடம் அமைவது கடினம். ஊர் எல்லைக்குத் தள்ளப்படுகிறான். வாடகையில் மிச்சம் பிடித்தது ஆட்டோவில் கரைகிறது.

நாராயணவனம், புத்தூர்ப் பக்கம் இந்தப் போட்டி குறைவு. தறி நின்ற கூடத்தைத் தடுத்து இரண்டு கட்டில் போட்டால் அதுவும் ஒரு வருமானந்தானே என்று ஊர்க்காரர் நினைப்பதில் தவறில்லை. இரு தரப்புக்கும் லாபமான ஏற்பாடு அது. ஆனால் இரண்டு கட்டில் போட வேண்டிய இடத்தில் ஐந்து போட்டு, ஒரே குளியலறையை இருபது பேருக்குக் காட்டும்போதுதான் வம்பு தொடங்குகிறது.

சீசன் டிக்கெட்டின் மறுபக்கம்

மூன்றாவது வழி ரயில். அரக்கோணம் - ரேணிகுண்டா மார்க்கத்தில் திருத்தணி, நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர் எல்லாம் வரிசையாக இருப்பதால், இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் முதலில் நினைப்பது இதைத்தான். ரயில்வே சலுகையும் தாராளமானது. கல்லூரி மாணவருக்கு இரண்டாம் வகுப்பு மாத சீசன் பாதி விலை. பெண் பிள்ளைகளுக்கு டிகிரி முடியும் வரை வீட்டுக்கும் கல்விச்சாலைக்கும் இடையே மாத சீசன் இலவசம். ஆண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரைதான் இலவசம். கல்லூரித் தலைவர் கையெழுத்திட்ட சான்று வேண்டும். 2020 மார்ச்சில் மூத்த குடிமக்கள் சலுகை உட்படப் பலவும் நிறுத்தப்பட்டபோதும் மாணவர் சலுகை நீடித்தது. இந்த இலவச சீசன் தெரியாமலே காசு கொடுத்துப் போகும் பெண்கள் இன்றும் உண்டு என்பது வருந்தத்தக்கது.

நிற்க. செலவில் இதைவிட மலிவு எதுவும் கிடையாது. ஆனால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது. மாலை வண்டியைப் பிடிக்க வேண்டிய பிள்ளை கடைசி மணி அடித்ததும் ஓடுகிறது. நூலகம், விளையாட்டு, நாட்டு நலப்பணித் திட்டம், கல்லூரி விழா ஒத்திகை, கம்ப்யூட்டர் அறையில் கூடுதலாக ஒரு மணி நேரம் - இவையெல்லாம் மாலை நாலு மணிக்குப் பிறகுதான் நடக்கின்றன. கல்லூரி நட்பில் பாதி அந்த நேரத்தில்தான் விளைகிறது. ரயில் பிள்ளைக்கு அது கிடையாது.

ரயிலிலும் நட்பு உண்டு என்பது உண்மையே. ஒரே பெட்டியில், ஒரே ஜன்னல் ஓரத்தில் மூன்று வருஷம் உட்கார்ந்து போகிறவர்கள் சொந்தக்காரரைவிட நெருக்கமாகிவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பெட்டியில் இருப்பவர்கள் ஏற்கெனவே தெரிந்த ஊர்க்காரர்கள். புதிய மனிதரைச் சந்திக்க அங்கே வாய்ப்புக் குறைவு. இதில் பெண்களுக்கே நஷ்டம் அதிகம். சீசன் இலவசம், வீட்டில் கண் பார்வையில் இருப்பாள் என்ற இரண்டு காரணங்களால், மகனை ஹாஸ்டலில் சேர்க்கும் வீட்டில்கூட மகளை வண்டியில் ஏற்றி விடுகிறார்கள். அவளும் மகனைப் போலவே பரீட்சை எழுத வேண்டும், வேலை தேட வேண்டும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு மாநிலம், எதுவும் சொந்தமில்லை

தங்கும் பிரச்சினையைப் பணம் மட்டும் தீர்மானிப்பதில்லை. பிள்ளை எந்த மாநிலத்துப் பிள்ளை என்ற கேள்வியும் தீர்மானிக்கிறது. 1960 ஏப்ரல் 1-ம் தேதி எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. சத்தியவேடு ஆந்திரத்தோடு சேர்ந்தது. கோடு போட்டவர்கள் குடும்பங்களைப் பார்த்துப் போட முடியாது. அக்காள் ஒரு பக்கமும் தங்கை ஒரு பக்கமுமாக ஆன வீடுகள் இந்த வட்டாரத்தில் ஏராளம்.

ஆந்திரத்தில் கல்லூரி ஸீட்டுகளில் 85 சதவீதம் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு என்று 1974-ம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவு சொல்கிறது. உள்ளூர் என்பதற்கு மொழியோ ஜாதியோ கணக்கில்லை. தகுதித் தேர்வோடு முடியும் தொடர்ச்சியான நாலு வருஷம் அந்தப் பகுதியில் படித்திருக்க வேண்டும், அவ்வளவே. தமிழ் பேசும் பிள்ளையும் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை புத்தூரில் படித்திருந்தால் உள்ளூர்தான். ஆனால் தமிழ் வழியில் படிக்கட்டும் என்று ஒன்பதாம் வகுப்பில் திருத்தணியில் பாட்டி வீட்டுக்கு அனுப்பினால், எம்செட் என்று இன்றும் மக்கள் சொல்லும் தேர்வு எழுதும்போது அதே பிள்ளை வெளியாளாகி விடுகிறது. மீதி 15 சதவீதத்தில் பெற்றோர் பத்து வருஷம் ஆந்திரத்தில் வசித்திருந்தாலும், மத்திய, மாநில அரசு வேலையில் அங்கே இருந்தாலும் இடம் கேட்கலாம். மாற்றலாகி வந்த ரயில்வே, தபால் ஊழியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உதவித்தொகையிலும் இதே கதைதான். ஆந்திர அரசு 2020-ல் தொடங்கிய வசதி தீவெனத் திட்டம், தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஐ.டி.ஐ. மாணவருக்கு வருஷம் ரூ. 10,000, பாலிடெக்னிக்குக்கு ரூ. 15,000, டிகிரிக்கும் அதற்கு மேலும் ரூ. 20,000 என்று வகுத்தது. நல்ல எண்ணந்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பத்து மாதத்துக்கு ரூ. 20,000 என்றால் மாதம் ரூ. 2,000, நாளொன்றுக்கு 66 ரூபாய் சொச்சம். அதற்குள் மூன்று வேளைச் சாப்பாடும் கூரையும் அடங்குமா என்பதை மெஸ் நடத்துகிறவர்தான் சொல்ல வேண்டும். 2024-ல் ஆட்சி மாறிய பிறகும் மாணவர் உதவித்தொகைப் பாக்கி பெரிய அரசியல் வாதமாகவே இருந்தது. அரசியல்வாதிகள் யார் பாக்கி என்று வாதாடலாம். ஹாஸ்டல் வாசலில் நிற்பவன் மாணவன்.

எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு 2022-ல் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தையும், 2024-ல் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தையும் தொடங்கி மாதம் ரூ. 1,000 அளித்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அங்குள்ள பள்ளியில் படித்தவர்களுக்கே அது. நகரியில் படித்த தமிழ்ப் பெண்ணுக்கு அது இல்லை. ஆந்திரத்து உதவிக்கோ வருமானச் சான்று, ரேஷன் கார்டு முதலிய தாள்கள் ஆந்திர முகவரியில் வேண்டும். ஊர்விட்டு ஊர் வந்த தொழிலாளியின் கார்டு வேலூரிலோ தர்மபுரியிலோ இருக்கும். இரண்டு அரசுகளும் பெருந்தன்மையோடு கொடுக்கின்றன. நடுவில் நிற்கும் பிள்ளையின் கைக்கு எதுவும் எட்டுவதில்லை.

பந்தியும் பழக்கமும்

அறை கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து, யாரோடு தங்குவது? பெரும்பாலான பெற்றோர் சொல்லும் பதில் ஒன்றே: நம்மவர்களோடு. பாஷை தெரிந்தவன், ஊர் தெரிந்தவன், சில சமயம் ஜாதி தெரிந்தவன். முதல் மாதத்தில் இது பெரிய ஆறுதல் என்பதை மறுக்க முடியாது. காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பவனும் அவனே.

ஆனால் ஆறு பேரும் தமிழர்களாக ஓர் அறையில் நாலு வருஷம் இருந்தால், திருப்பதியில் இருந்தும் திருத்தணியில் இருந்ததாகவே ஆகும். எல்லைப் பக்கத்துப் பிள்ளை தெலுங்கு பேசும்; எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும். தமிழ்நாட்டின் உள் மாவட்டத்திலிருந்து வந்த பிள்ளைக்குப் பேச்சும் வராது. பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும், நோட்டு இரவல் கேட்பதும், பரீட்சைத் தேதி மாறியது தெரிவதும், எந்தக் கம்பெனி ஆள் எடுக்க வருகிறது என்ற செய்தியும் மெஸ்ஸில் தெலுங்கில்தான் புரளுகின்றன. அந்தப் பேச்சுக்கு வெளியே இருப்பவன் மதிப்பெண்ணில் முதலாக இருந்தும் செய்தியில் கடைசி ஆகிறான்.

சாப்பாட்டுப் பந்தி எவ்வளவு பெரிய விஷயம் என்பதைத் தமிழர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிள்ளைகளுக்குத் தனியே சாப்பாடு போட்டதற்காக 1924, 1925-ல் தமிழ்நாடே இரண்டுபட்டது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அன்று எழுப்பிய கேள்வி, சேர்ந்து படிக்கும் பிள்ளைகள் சேர்ந்து சாப்பிடக் கூடாதா என்பதுதான். அன்று ஜாதி பிரித்த பந்தியை இன்று பாஷையும் ஊரும் பிரிக்குமானால், அதுவும் தனிப் பந்திதான். யாரும் பிரித்து உட்கார வைக்கவில்லை. தாங்களே பிரிந்து உட்காருகிறார்கள் என்பது ஒன்றே வித்தியாசம்.

ஆகவே மூத்தவர்கள் சொல்லும் ஒரு வழி யோசிக்கத் தக்கது. அறையில் ஒருவனாவது வேற்றுப் பாஷைக்காரனாக இருக்கட்டும். ஒரு வருஷத்தில் அவனுக்குத் தமிழ் வரும், இவனுக்குத் தெலுங்கு வரும். எந்தப் பள்ளிக்கூடமும் அவ்வளவு மலிவாக ஒரு பாஷையைக் கற்றுத் தராது.

பயம் வேண்டாம், கவனம் வேண்டும்

ராகிங் என்ற சொல் பெற்றோரை நடுங்க வைப்பதற்குக் காரணம் உண்டு. 1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதை யாரும் மறக்கவில்லை. அதன்பின் 1997-ல் தமிழ்நாடும் அதே ஆண்டில் ஆந்திரமும் தடைச்சட்டம் இயற்றின. 2009-ல் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள் வந்தன. அவற்றின்படி கல்லூரிக்கு வெளியேயுள்ள விடுதியில் நடந்தாலும், போகும் வழியில் பஸ்ஸிலோ ரயிலிலோ நடந்தாலும் அது ராகிங்தான். கல்லூரி பொறுப்பைத் தட்டிக் கழிக்க முடியாது. சேரும்போது பெற்றோரும் கையெழுத்திடும் உறுதிமொழித் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது தவறு. 1800-180-5522 என்ற இலவச போன் எண்ணைப் பிள்ளையின் நோட்டு அட்டையில் எழுதி வைப்பது நல்லது.

அதைவிட நல்லது, பிள்ளை வாரம் ஒரு முறை வீட்டாரோடு மனம்விட்டுப் பேசுவது. "சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்டால் "ஆச்சு" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். "இன்று யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய்?" என்று கேட்டால் உண்மை நிலைமை தெரிந்துவிடும்.

என்ன செய்யலாம்?

இரண்டு மாநில அரசுகளும் உட்கார்ந்து பேசினால் தீரக்கூடிய விஷயம் இது. பாலாற்று நீரைப் போலப் பங்கு பிரிக்கக் கடினமானதன்று. தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் ஆகியவற்றின் ஒத்துழைப்போடு ஆந்திர அரசு 1997-ல் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகத்தை அமைத்தது. நாலு பாஷைக்காரர்கள் சேர்ந்து ஒரு பல்கலைக்கழகம் காண முடிந்தபோது, எல்லையோரப் பிள்ளைக்கு எந்த மாநிலம் உதவித்தொகை தருவது என்று இரண்டு பேர் முடிவு செய்ய முடியாதா? பிள்ளை எங்கே படிக்கிறதோ அங்கே உதவி போய்ச் சேர வேண்டும்.

அதுவரை தமிழ் அமைப்புகள் சும்மா இருக்க வேண்டியதில்லை. பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் செலவழிப்பதில் ஒரு பங்கை ஜூன், ஜூலை மாதங்களில் இதற்கு ஒதுக்கலாம். தமிழருக்கென்று தனி ஹாஸ்டல் கட்ட வேண்டும் என்பதில்லை. நம்பகமான அறைகளின் பட்டியல், அட்வான்ஸ் தொகைக்குத் தவணையாகத் திரும்பக் கட்டும் கைமாற்று, தெலுங்கு எழுத்துக் கற்றுத்தர ஞாயிற்றுக்கிழமை வகுப்பு - இந்த மூன்றும் பெரிய செலவில்லாதவை.

பெற்றோரும் ஒன்று செய்யலாம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் விடுதியை ஒருமுறை ராத்திரியில் போய்ப் பார்க்க வேண்டும். பகலில் எல்லா விடுதியும் காலியாகவும் சுத்தமாகவும்தான் இருக்கும். எத்தனை கட்டில், தண்ணீர் வருகிறதா, விளக்கு எரிகிறதா, மெஸ்ஸில் அன்று என்ன குழம்பு என்று ஒரு வேளை சாப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணலாம்.

திருமலையில் இடம் கொடுத்த வராகசாமிக்குத்தான் இன்றும் முதல் நைவேத்தியம். வந்தவனுக்கு இடம் கொடுத்த காரியத்தை அந்த மலை அவ்வளவு பெரிதாக மதிக்கிறது. அடிவாரத்து ஊர்கள் படிக்க வந்த பிள்ளைகளிடம் அதில் கால் பங்கு மனம் காட்டினால் போதும்.